சித்தியை எந்தக் கட்டத்தில் போடுவது

பிப்ரவரி 4

அன்புச் சின்னவளுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம்னு எழுதினா நீ நம்பமாட்டே. அதனால உள்ளதையே எழுதறேன். வாண்டுக்கு ஒரு வாரமா சளி. எனக்குக் குதிகால் வலி. உன் அத்தானுக்கு வீட்டு வேலை எதுவும் கண்ணுல படாத அந்தப் பழைய வியாதி. சித்தி மட்டும்தான் நல்லா இருக்காங்க. நல்லா இல்லைன்னாலும் வாயைத் திறக்க மாட்டாங்கன்னு உனக்கே தெரியும்.

எட்டு மாசமா ஒரு வரி எழுதலைன்னு கோவிச்சுக்காதே. நீயும்தான் எழுதலை. போன்ல பேசலாம்னா உங்க கடை மேசை போன்ல நீ "ம்", "சரி", "வைக்கட்டுமா" தவிர வேற ஒண்ணும் பேச மாட்டே. கடிதத்துலயாவது வாயைத் திறப்பேன்னுதான் இதை எழுதறேன்.

விஷயத்துக்கு வர்றேன். எங்க கணக்கெடுப்பு ஆபீஸ்ல எனக்கு ஒரு புது வேலை கொடுத்திருக்காங்க. பாலத்துக்கு இந்தப் பக்கம், எங்க நாட்டுல, பத்துப் பொம்பளைங்கள்ல ஆறு பேர் வேலைக்குப் போறாங்க. அந்தப் பக்கம், உங்க நாட்டுல, ரெண்டு பேர்கூடத் தேற மாட்டேங்குது. பேச்சு ஒண்ணு, வீடு ஒரே மாதிரி, குடிக்கிற தண்ணிகூட ஒரே ஆத்துலேருந்து வர்றதுதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? இதைப் பத்தி அறிக்கை எழுதணும். எங்க மேலதிகாரி நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலேயே காரணம் கண்டுபிடிச்சுட்டார். "அந்தப் பக்கத்துப் பொம்பளைங்களுக்கு விருப்பம் கிடையாதும்மா, அவ்வளவுதான்." எனக்குச் சுருக்குன்னு ஆயிடுச்சு. "சார், என் தங்கச்சி அங்கதான் இருக்கா, கேட்டுச் சொல்றேன்"னு வாக்குக் கொடுத்துட்டேன்.

அதனால நீதான் சொல்லணும். நீ ஏன் வேலைக்குப் போகலை? உன் தெருவுல நாலு பேரையும் கேட்டு எழுது. இந்த அறிக்கை நல்லா வந்தா, ஆறு வருஷமா தற்காலிகம் தற்காலிகம்னு இழுத்துக்கிட்டிருக்கிற என் வேலை மே மாசம் நிரந்தரம் ஆயிடும். வீடு வீடாப் போய்க் கதவைத் தட்டின காலுக்கு ஒரு நாற்காலி கிடைக்கும்.

சித்தி உன்னை ஒழுங்காச் சாப்பிடச் சொன்னாங்க. பாவம், அவங்களுக்கு எழுத்தே தெரியறதில்லை. செய்தித்தாளைக் கையை நீட்டிப் பிடிச்சு, கழுத்தைப் பின்னால இழுத்து, தலைப்பை மட்டும் படிக்கிறாங்க. உன் கடிதம் வந்தா நான்தான் படிச்சுக் காட்டணும். அதனால கொஞ்சம் நல்ல செய்தியா எழுது.

அன்புடன்,
பெரியவள்


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் இருக்கோம்.

நீ கேட்டபடி தெருவுல கேட்டேன். மாடி வீட்டுக்காரியைக் கேட்டேன். "வேலையா? நான் வீட்ல சும்மாதானே இருக்கேன்"னு சொல்லிட்டு, இருபது பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போயிட்டா. எதிர்வீட்டு அக்காவைக் கேட்டேன். துணிக்கு ஓரம் அடிச்சுக்கிட்டே, மெஷினை நிறுத்தாம, "நம்மளை யாரு வேலைக்குக் கூப்பிடறா"ன்னாங்க. மருந்துக் கடைக்காரர் சம்சாரத்தைக் கேட்டேன். அவங்க கல்லாவுல உக்கார்ந்திருந்தாங்க. "இல்லையே"ன்னாங்க. அவ்வளவுதான்.

ரெண்டு வருஷம் முன்னாடி எங்க பக்கத்துக் கணக்கெடுப்புக்காரங்க வந்தப்ப என்னையும் கேட்டாங்க. "உங்க முக்கியமான வேலை என்ன?"ன்னாங்க. நானும் வீட்லதான் இருக்கேன்னு சொன்னேன். லென்ஸ் தேய்ச்ச தூள் அப்ப கையில ஈரமா இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதே. கேட்டதும் வாயில அதுதான் வந்தது.

என் நாள் உனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன். முன்னால அவர் கண்ணாடி விக்கிறார். பின்னால நான் ஃப்ரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்ச்சு உக்கார வைக்கிறேன். கல்யாணம் ஆன மறு மாசத்துலேருந்து, பதினோரு வருஷமா. பன்னெண்டே கால் மணிக்கு இரட்டைங்க ஸ்கூல்லேருந்து வந்துடுவாங்க. எங்க பக்கம் ஒண்ணாம் வகுப்பு மத்தியானத்தோட முடியுது. ரெண்டாம் வகுப்புலேருந்துதான் நாலு மணி வரைக்கும். ஆறு வயசுப் பிள்ளைகளை மத்தியானம் பூரா வீட்டுல தனியா விட முடியாது. ஸ்கூல் நேரம் வச்சவங்க எல்லா வீட்லயும் ஒருத்தி இருப்பாள்னு நினைச்சு வச்சிருக்காங்க. இருக்கத்தான் செய்யறோம்.

விருப்பம் உண்டா இல்லையான்னு உங்க அதிகாரி கேட்டா, யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு. ரொம்ப நாளா யாரும் கேக்கலை.

சித்திக்குக் கண் டாக்டர்கிட்ட காட்டி, பவர் எழுதின சீட்டை அனுப்பு. பழைய ஃப்ரேமைப் பேப்பர்மேல வச்சுப் பென்சிலால சுத்தி வரைஞ்சு அனுப்பு. நான் செஞ்சு அனுப்பறேன்.

சின்னவள்


மார்ச் 1

என் தங்கக்கட்டிக்கு,

அடியே, உன் கடிதத்தை ஆபீஸ்லயே உக்கார்ந்து ரெண்டு தடவை படிச்சேன்! இதைத்தான்டி நான் தேடிக்கிட்டிருந்தேன். எங்க படிவத்துல கேள்வியே வேற. "போன ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது வீட்டுக் கடையிலோ தொழிலிலோ கைகொடுத்தீர்களா?"ன்னு கேப்போம். நீ பாலத்தைத் தாண்டி இங்க வந்து நின்னா அந்த நிமிஷமே வேலையில இருக்கிற பொம்பளை. திரும்பிப் போனா மறுபடி சும்மா இருக்கிறவ. மேலதிகாரிகிட்ட சொன்னேன். மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். அவருக்கு அது பெரிய பாராட்டு.

இன்னொரு கூத்தும் கேளு. போன மாசம் எங்க தெருவே கணக்கெடுப்புல வந்தது. எங்க வீட்டுப் படிவத்தை நானே நிரப்பினேன். எனக்கு "வேலையில்". அத்தானுக்கு "வேலையில்". சித்திக்கு "வேலை இல்லை, தேடவும் இல்லை". மூணு நொடிதான் ஆச்சு. அப்ப சித்தி ஒரு கையில வாண்டை இடுக்கிக்கிட்டு, இன்னொரு கையால எனக்கு மத்தியானச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கிட்டிருந்தாங்க. படிவத்துல அதுக்குக் கட்டம் கிடையாது, நான் என்ன பண்ண? எங்க பக்கம் குழந்தைக் காப்பகமெல்லாம் இருக்கு. ஆனா வாண்டு அங்க ரெண்டு நாள் கத்தின கத்துல அந்தம்மாவே "வீட்ல யாராவது இருந்தா..."ன்னு இழுத்தாங்க. நல்லவேளை, சித்தி இருக்காங்க.

அம்மா போனதுலேருந்து நம்ம ரெண்டு பேரையும் தூக்கி நிறுத்தினவங்க, இப்ப என் பிள்ளையையும் தூக்கிக்கிட்டிருக்காங்க. சில நேரம் நினைச்சா எனக்கே கூச்சமா இருக்கு. அப்புறம் பஸ் வந்துடுது.

சீட்டும் ஃப்ரேம் வரைஞ்ச பேப்பரும் இதோட வச்சிருக்கேன். பேப்பர்ல இருக்கிற கிறுக்கல் வாண்டுவோடது, அதையும் தேய்ச்சுடாதே.

உன்
பெரியவள்


மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

ஃப்ரேம் அளவு கிடைத்தது. இந்தப் பவருக்கு லென்ஸ் வெளியிலேருந்து வரணும், ரெண்டு வாரம் ஆகும்.

ஒரு செய்தி. இங்க கண் ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பிரிவுன்னு ஒண்ணு தொடங்கறாங்க. லென்ஸ் தேய்க்க ஆள் வேணும்னு அந்தப் பிரிவுத் தலைவி எங்க கடைக்கே கேட்டு வந்தாங்க. அவர் முன்ன எங்க கடையில வேலை பார்த்த ஒரு பையன் பேரைச் சொன்னார். அவங்க எங்க கண்ணாடி ஒண்ணை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்துட்டு, "இதைத் தேய்ச்சது யாரு?"ன்னாங்க. அவர் பின்னால கையைக் காட்டினார்.

மறுநாள் போனேன். ஒரு லென்ஸைக் கொடுத்துப் பக்கத்துலயே நின்னு பார்த்தாங்க. தேய்ச்சேன். "ஏப்ரல் ஒண்ணாம் தேதி சேந்துடுங்க"ன்னாங்க. என் பேரை முழுசாக் கேட்டு எழுதிக்கிட்டாங்க. எழுதறப்ப எழுத்துச் சரியான்னு காட்டினாங்க.

அவர் வேண்டாம்னு சொல்லலை. "போறதானா போ, கடை லென்ஸை சாயந்தரம் வந்து தேய்ச்சுடு. ஆனா மத்தியானம் பசங்களை யார் பார்ப்பாங்க?"ன்னார். நியாயமான கேள்விதான். அவரோட அம்மாவுக்கு உடம்பு முடியலை. தெருவுல இருக்கிறவங்க எல்லாம் சும்மாதான் இருக்காங்க, ஆனா யாருக்கும் நேரம் இல்லை.

அக்கா, ஆறு மாசம். சித்தியை ஆறு மாசத்துக்கு இங்க அனுப்பறியா? இங்க பள்ளி வருஷம் அக்டோபர்லதான் தொடங்குது, அப்ப இரட்டைங்க ரெண்டாம் வகுப்புக்குப் போயிடுவாங்க, நாலு மணி வரைக்கும் ஸ்கூல். அப்புறம் நானே பார்த்துக்குவேன். உனக்கும் கஷ்டம்னு தெரியும். தெரிஞ்சும் கேக்கறேன். நான் இதுவரைக்கும் உன்கிட்ட எதுவும் கேட்டதில்லை.

சித்திகிட்ட இந்தப் பகுதியை அப்படியே படிச்சுக் காட்டு. சித்தி, நீங்க வந்தா நான் வேலைக்குப் போவேன்.

சின்னவள்


மார்ச் 19

அன்புச் சின்னவளுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! என் தங்கச்சி கைவேலையைத் தேடி ஆஸ்பத்திரியே வந்திருக்கு. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். "பார்த்தீங்களா, விருப்பம் இல்லையாம்"னு மேலதிகாரியை ஒரு பிடி பிடிச்சேன்.

சித்தி விஷயம். உன் கடிதத்தை அவங்ககிட்ட படிச்சுக் காட்டினேன். வாண்டுக்குச் சோறு ஊட்டி முடிச்சாங்க. அப்புறம், முழங்கால் வலியோட பஸ்ல ஏறி, பாலத்துச் சோதனைச் சாவடியில வரிசையில நின்னு, இந்த வயசுல புது இடம்னா பயமா இருக்குன்னாங்க. நான் என்ன சொல்ல முடியும்? வற்புறுத்தினா பாவம்னு விட்டுட்டேன். எனக்கும் ஏப்ரல், மே ரெண்டு மாசமும் ஊர் ஊராப் போற வேலை. அது முடிஞ்சாத்தான் நிரந்தரம். ஆனா அதுக்காகச் சொல்றேன்னு நினைக்காதே, அவங்களேதான் வரலைன்னாங்க.

அந்தத் தலைவியம்மாகிட்ட அக்டோபர் வரைக்கும் பொறுக்கச் சொல்லிப் பாரேன். நல்ல கைக்குக் காத்திருப்பாங்க. கண்ணாடிக்கு அவசரம் ஒண்ணும் இல்லை, மெதுவா அனுப்பு.

மனசு விடாதே. உனக்குன்னு ஒண்ணு வராமலா போயிடும்.

பெரியவள்


மார்ச் 29

அன்புள்ள அக்காவுக்கு,

சித்திக்கு முழங்கால் வலின்னு எனக்குத் தெரியாது. பரவாயில்லை. அவங்களைத் தொந்தரவு பண்ணினதுக்கு மன்னிக்கச் சொல்லு.

ஆஸ்பத்திரியில கேட்டேன். அக்டோபர் வரைக்கும் மெஷினைச் சும்மா வச்சிருக்க முடியாதுன்னாங்க. தப்பாச் சொல்லலை. என் பேரை எழுதின தாளை மேசையிலேருந்து எடுத்து இழுப்பறையில வச்சாங்க.

கண்ணாடி முடிஞ்சுது. சித்தி பேருக்கே பார்சல் பண்ணியிருக்கேன். வாண்டு கைக்கு எட்டாம வைக்கச் சொல்லு. கிட்ட வச்சுப் படிக்கலாம், கையை நீட்ட வேண்டாம். ஓரம் நல்லா வந்திருக்கு.

இரட்டைங்களுக்குப் பல் ஆடுது. ஒரே பல், ரெண்டு பேருக்கும்.

சின்னவள்


ஏப்ரல் 14

சின்னவளே,

சித்தி அங்க வந்து சேர்ந்துட்டாங்கன்னு உன் வீட்டுக்காரர் போன்ல சொன்னப்பதான் எனக்கு உயிர் வந்தது. அதுவரைக்கும் நான் பட்ட பாடு! வாண்டைப் பக்கத்து வீட்ல விட்டுட்டு, "சின்னவளைப் பார்க்கப் போறேன்"னு ஒரு துண்டுச் சீட்டை மட்டும் சமையல் மேடையில வச்சுட்டுக் கிளம்பிட்டாங்க. ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லலை. முப்பது வருஷத்துல இப்படி ஒரு காரியம் பண்ணினதில்லை.

உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு? உன் கண்ணாடி வந்த அன்னிக்கே போட்டுக்கிட்டாங்க. செய்தித்தாள், மருந்துச் சீட்டு, பால் கவர்னு கண்ணுல பட்டதையெல்லாம் படிச்சாங்க. நாங்க சிரிச்சோம். அப்புறம் மேசை இழுப்பறையில இருந்த உன் கடிதங்களை எடுத்திருக்காங்க. நான் வெளியூர்ல இருந்தேன்.

நீ படிச்சுக் காட்டச் சொன்ன அந்தப் பகுதியை நான் சித்திகிட்ட படிக்கலைடி. படிச்சிருந்தா அடுத்த பஸ்ஸுலயே கிளம்பியிருப்பாங்க, அது எனக்குத் தெரியும். நாளைக்குப் படிக்கலாம், நாளைக்குப் படிக்கலாம்னு தள்ளினேன். அப்புறம் உனக்கு அப்படி எழுதிட்டேன். எழுதினப்ப கை கூசலைன்னு சொல்ல மாட்டேன். ஆறு வருஷம் நடந்திருக்கேன், இன்னும் ரெண்டு மாசம்தான் பாக்கின்னு ஒண்ணுதான் மண்டையில ஓடிச்சு. நீ என் இடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பே?

எப்படியும் உன் வேலை போயிடுச்சு. இப்ப சித்தி அங்க இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்? நான் இப்ப லீவு போட்டிருக்கேன். இருபத்தாறாம் தேதி வெளியூர் கிளம்பலைன்னா என் இடத்துக்கு வேற ஆளை அனுப்பிடுவாங்க. வாண்டு சாப்பிடவே மாட்டேங்கறான். சித்தியைத் திருப்பி அனுப்பு. நீ திட்டறதா இருந்தா நல்லாத் திட்டி எழுது, வாங்கிக்கறேன். ஆனா அனுப்பிடு.

பெரியவள்


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

சித்தி பன்னெண்டாம் தேதி மத்தியானம் வந்தாங்க. சாவடியிலேருந்து பையைத் தூக்கிக்கிட்டு நடந்தே வந்திருக்காங்க. கதவைத் திறந்ததும், "காதுகிட்ட கொஞ்சம் அழுத்துது"ன்னு கண்ணாடியைக் கழட்டிக் கொடுத்தாங்க. சூடு காட்டி வளைச்சுக் கொடுத்தேன். போட்டுக்கிட்டுப் பையிலேருந்து என் மார்ச் மாசக் கடிதத்தை எடுத்தாங்க. "இந்தக் கடைசி வரி எனக்கு எழுதினதுதானே?"ன்னாங்க. ஆமான்னேன். முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டேன். "முழங்காலுக்கு என்ன?"ன்னாங்க. உள்ள போய் டீ போட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெஷின்ல ஒரு பொண்ணு உக்கார்ந்திருந்தா. மூணாம் தேதியே சேர்ந்துட்டாளாம். கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். நல்லாத்தான் தேய்க்கிறா.

உன் கடிதத்தைப் படிச்சேன். கோபம் வரும்னு பார்த்தேன். உக்கார்ந்து உக்கார்ந்து கால் மரத்துப் போனா கிள்ளிப் பார்ப்போமே, அந்த மாதிரி பார்த்தேன். ஒண்ணும் வரலை. வந்தா நல்லா இருக்கும். உன் இடத்துல இருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு கேட்டிருக்கே. எனக்குத் தெரியலை அக்கா. அந்த இடத்துல என்னை யாரும் வைக்கலை.

நேத்து எங்க பக்கத்துக் கணக்கெடுப்புக்காரப் பொண்ணு வந்தா. சின்னப் பொண்ணு, புதுச் செருப்பு, குதிகால்ல பிளாஸ்திரி. உன் ஞாபகம் வந்தது, உக்காரச் சொல்லித் தண்ணி கொடுத்தேன். அவர் முன்னாலேருந்தே, "அவ வீட்லதாம்மா இருக்கா"ன்னார். அந்தப் பொண்ணு எழுதப் போனா. சித்தி வாசப்படியில நின்னுக்கிட்டிருந்தாங்க. "அப்ப இதைத் தேய்ச்சது யாரு?"ன்னு மூக்குமேல இருந்த கண்ணாடியைக் கழட்டி அந்தப் பொண்ணு படிவத்துமேலேயே வச்சாங்க. அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா, பேனாவைப் பார்த்தா. "அக்கா, என்ன போடட்டும்?"ன்னா.

வீட்ல இருக்கேன்னே போடுன்னு சொன்னேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எழுதத் தெரியலை. பதினோரு வருஷமா சொல்லி வந்தது. ஒரு நாள்ல வேற வாய் வராது. ஆஸ்பத்திரியில சேர்ந்திருந்தா வந்திருக்குமோ என்னவோ.

நீ முதல்ல கேட்டதுக்கு நான் இன்னும் சரியாப் பதில் எழுதலை. உங்க பக்கத்து ஆறு பேர்ல நீ ஒருத்தி. எங்க பக்கத்துல வேலைக்குப் போகாத எட்டு பேர்ல நான் ஒருத்தி. சித்தி உன் வீட்ல இருந்தாங்க, என் வீட்ல இல்லை. மத்தது எல்லாம் ஒண்ணுதான், நீ சொன்ன மாதிரி ஆத்துத் தண்ணிகூட. இதை அறிக்கையில போடறதும் போடாததும் உன் இஷ்டம். உங்க மேலதிகாரிகிட்ட மட்டும் சொல்லு, விருப்பம் இருந்தது.

சித்தியைத் திருப்பி அனுப்புன்னு எழுதியிருந்தே. நான் அனுப்பலை. உங்களுக்கு எங்க இருக்கணும்னு கேட்டேன். "எனக்கா?"ன்னாங்க. இரட்டைங்க துணியை மடிச்சு வச்சாங்க. அப்புறம், "மத்தியானம் என் கையைப் பிடிச்சுக்காம வாண்டு தூங்கமாட்டான்"னாங்க. ஞாயித்துக்கிழமை பஸ்ல வர்றாங்க. நீயே பாலத்துக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போ. பையை அவங்க கையில விடாதே.

நிரந்தரம் ஆகட்டும். மனசாரத்தான் சொல்றேன்.

சித்திக்கு இப்ப எழுத்து நல்லாத் தெரியுது. இனிமே கடிதத்தை அவங்க பேருக்கே போடறேன். உன்கிட்ட சொல்ல ஏதாவது இருந்தா, அவங்க உனக்குப் படிச்சுக் காட்டுவாங்க.

உன் தங்கை